பத்தொன்பதாம் சஹன்

பிரிண்டரிலிருந்து வந்த முதல் அட்டையில், "ஜனாப் புதிய எண் 27 கல்மண்டபம் ரோடு அவர்கள், சஹன் எண் ____" என்று இருந்தது.

தௌசீஃப் அதை எடுத்து ஓரமாக வைத்தான். அடுத்த அட்டை ஜனாப் புதிய எண் 112 அவர்களுக்கு. மூன்றாவதில் பெயர் சரியாக வந்திருந்தது, காஜா மொய்தீன் என்று. ஆனால் அந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்ற இடத்தில் 'பி.காம்.' என்று இருந்தது.

பக்கத்து மேசை ஜெனி அட்டைகளைப் புரட்டிப் பார்த்தாள்.

"உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு மனுஷங்க யாருனா வராங்களா, இல்ல வெறும் வூடுங்க மட்டும்தானா?"

"கமா பிரச்சினை. ஒரே நிமிஷம்," என்றான் தௌசீஃப்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. கப்பல் கம்பெனிகள் அனுப்பும் நீள நீளமான பட்டியல்களில் எந்தப் பத்தியை வெட்டி எங்கே ஒட்டுவது என்பதுதான் நாள் முழுக்கப் பாடு. எல்லோரும் எக்செல்லில் செய்வதை அவன் கறுப்புத் திரையில் கட்டளை தட்டிச் செய்வான். ஒரே வரி. எண்டர் அடித்தால் ஆயிரம் வரிகள் கண் மூடித் திறப்பதற்குள் மாறிவிடும். சரியாக மாறியதா என்பதைப் பார்ப்பது மட்டும் அவனுக்கு அலுப்பு.

"எக்செல்ல போட்டா டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்," என்றாள் ஜெனி.

"அது கொழந்தைங்க வெளயாட்டு."

"கொழந்தைங்க யாரும் வூட்டு நம்பருக்குப் பத்திரிகை அடிக்கல."

தப்பு அவனுடையதல்ல என்று தௌசீஃப் விளக்கினான். ஜமாத் ஆபீசிலிருந்து வந்த பட்டியலில் முகவரி, பெயர், ஆட்கள் எண்ணிக்கை என்று மூன்று பத்திகள், நடுவே கமா. கமா வந்தால் அடுத்த பத்தி என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருந்தான். சென்னையில் எந்த வீட்டுக்குத்தான் ஒரே நம்பர்? 'பழைய எண் 14, புதிய எண் 27' என்று எல்லோரும் நடுவில் ஒரு கமாவைப் போட்டு வைத்திருந்தார்கள். பட்டம் வாங்கியவர்கள் பெயருக்குப் பின்னால் இன்னொரு கமா. கமா பார்த்த இடமெல்லாம் கம்ப்யூட்டர் கத்தி வைத்துவிட்டது.

இதெல்லாம் எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். தௌசீஃப் வீட்டுக் கல்யாணங்களில் சாப்பாடு சஹனில்தான். பெரிய தாம்பாளம் நிறையச் சோறும் கறியும் கொட்டி வைப்பார்கள், சுற்றி நாலு பேர் உட்கார்ந்து அதே தாம்பாளத்தில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். யார் யாரோடு உட்காருவது என்பது காலாகாலமாக அவரவர் இஷ்டம். இதற்கு அட்டை அடித்த முதல் ஆள் தௌசீஃபின் வாப்பா மதார் சாகிப்தான். காரணம், அவர் மச்சினன் காஜா மொய்தீன்.

மதார் சாகிபுக்கு ராயபுரத்தில் விசைப்படகுகளுக்குக் கயிறும் நங்கூரமும் விற்கும் கடை. காஜா மொய்தீனுக்கு யானைக்கவுனியில் எவர்சில்வர் மொத்த வியாபாரம். இருவருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஏன் என்று கேட்டால் வாப்பா, "மரியாதை தெரியாதவன்" என்பார். மாமாவைக் கேட்டால், "வார்த்தை தவறுன மனுஷன்" என்பார். என்ன மரியாதை, எந்த வார்த்தை என்று இரண்டு பேருமே சொன்னதில்லை. பெண்ணின் தாய்மாமன் இல்லாமல் நிக்காஹ் நடக்கக் கூடாது என்று உம்மா ரஹீமுன்னிசா தம்பி வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து அழுததில், மாமா வர ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை. மச்சானோடு ஒரே சஹனில் கை வைக்க மாட்டார். வாப்பாவின் நிபந்தனையும் அதேதான். அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் அப்படி ஓர் ஒற்றுமை.

"ரெண்டு பேர்கிட்ட மட்டும் தள்ளி உக்காருங்கன்னு சொன்னா போதாதா?" என்றாள் ஜெனி.

"அவங்களுக்கு மட்டும் சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும். ஜமாத் பெரியவங்க கையப் புடிச்சு இழுத்து ஒண்ணா உக்கார வெச்சிடுவாங்க. எல்லாருக்கும் அட்டைன்னா யாருக்கும் சந்தேகம் வராது. மாமா பேருக்குப் பின்னால பி.காம். வேற வரணும். இல்லாட்டி அதுக்கும் கோச்சுக்குவாரு."

தௌசீஃப் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மாமா மகள் இஷ்ரத் மீது அவனுக்குக் கல்லூரி நாளிலிருந்தே உயிர். மூன்று வருஷம் முன்னால் உம்மா பெண் கேட்டுத் தம்பி வீட்டுக்குக் கிளம்ப இருந்தாள். பழம், பூ எல்லாம் வாங்கியாகிவிட்டது. முந்தின நாள் மச்சான்மார் இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். பழத்தை அவனே உட்கார்ந்து தின்று தீர்த்தான். அவன் நேரம் அப்படி.

இந்தத் தடவை உம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். "உமைமா கல்யாணம் சண்டை சச்சரவு இல்லாம முடியட்டும். என் தம்பி மனசு குளுந்து வெளிய போறப்ப நான் கேட்டுடறேன்." ஆகவே அந்த அட்டைகளில் இருந்தது சாப்பாட்டு வரிசை அல்ல, தௌசீஃபின் வாழ்க்கை.

போதாததற்கு இஷ்ரத்தே செய்தி அனுப்பியிருந்தாள். "மச்சான், சஹன் லிஸ்ட் நீங்கதான் பாக்குறீங்களாமே. எங்க வாப்பாவையும் உங்க வாப்பாவையும் தயவுசெஞ்சு ஒண்ணா போட்டுடாதீங்க. ரொம்ப முக்கியம். ப்ளீஸ்."

அந்த 'ப்ளீஸ்' அவனை என்னவோ செய்தது. தங்கள் எதிர்காலத்தைப் பற்றி இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்துக் கண் கலங்கினான்.

முதலில் கமாவைத் தூக்கிவிட்டுச் சாய்கோடு போட்டான். பட்டியலில் பாதிப் பேர் வீட்டு நம்பரை 14/27 என்று எழுதியிருந்தார்கள். இந்தத் தடவை அட்டை, "ஜனாப் 27 அவர்கள்" என்று வந்தது.

"ஜெயில்ல கூப்புடற மாதிரி கீது," என்றாள் ஜெனி.

பிறகு யார் வீட்டு வாசலிலும் இல்லாத ஒரு குறியைத் தேடினான். செங்குத்துக் கோடு. மனிதர்கள் யாரும் அதை முகவரியில் போடுவதில்லை. தகராறு பண்ணிய வரிகளை மட்டும் கையால் திருத்தி, பி.காமை மாமாவோடு ஒட்டவைத்து, ஒருவழியாகப் பெயர்கள் பெயர்களாக வந்தன. ராத்திரி வீட்டில், வாப்பா கடையை மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கு யார் ஆகும், யாருக்கு யார் ஆகாது என்று பார்த்துப் பார்த்து சஹன் எண் சொன்னார். அவருக்கு ஒன்று, மாமாவுக்குப் பதினாறு. நடுவில் ஒரு தூணும் இருந்தது.

"பத்திரம்டா. மாத்திப் புடாத," என்றார்.

"கம்ப்யூட்டர் வாப்பா. அதுவா மாத்தாது."

அதுவாக மாற்றவில்லை. மண்டபத்து மேனேஜர்தான் போன் பண்ணினார். அட்டையெல்லாம் அகர வரிசையில் இருந்தால்தான் வாசலில் தேடிக் கொடுக்க முடியுமாம். நியாயமான பேச்சு. தௌசீஃப் மறுநாள் ஆபீசில் 'கட்' கட்டளையால் பெயர்ப் பத்தியைத் தனியாக வெட்டினான். 'சார்ட்' கட்டளையால் அகர வரிசைப்படுத்தினான். 'பேஸ்ட்' கட்டளையால் கொண்டுவந்து சஹன் எண்களுக்குப் பக்கத்தில் ஒட்டினான். மூன்று கட்டளையையும் ஒரே வரியில் தட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தான். ஜெனி முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

அட்டைகள் எல்லாம் அச்சாகி, பிரிண்டர் மை தீர்ந்து நின்றபின்தான் அவனுக்கு ஒன்று உறைத்தது. பெயர்கள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. எண்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அதாவது ஊரில் ஒவ்வொருவருக்கும் வேறு எவருடைய சஹனோ கிடைத்திருக்கிறது.

கட்டைப் புரட்டி மாமாவின் அட்டையை எடுத்தான். காஜா மொய்தீன், பி.காம்., சஹன் எண் 9. வாப்பாவின் அட்டையை எடுத்தான். அதுவும் 9.

"வாழ்த்துகள்," என்றாள் ஜெனி.

இதற்கு மேலும் எக்செல்லுக்குப் போயிருக்கலாம். ரோஷம் விடவில்லை. காஜா மொய்தீன் என்ற பெயர் வருகிற வரியில் சஹன் எண்ணைப் பதினாறாக்கு என்று ஒரு கட்டளை தட்டினான். ராயபுரத்தில் காஜா மொய்தீன்களுக்கா பஞ்சம்? பட்டியலில் இருந்த அத்தனை காஜா மொய்தீன்களும், மீன் ஏலக்காரர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், மஸ்தான் பேரன் எல்லோரும், குடும்பத்தோடு பதினாறாம் சஹனில் வந்து இறங்கினார்கள். ஒரு தாம்பாளத்தைச் சுற்றி ஒரு தெருவே உட்கார வேண்டியதாயிற்று.

"சரி, மாமாவ விட்டுடுவோம். வாப்பாவ நவுத்தலாம்," என்று காஜா மொய்தீன்களைப் பழைய எண்களுக்கே அனுப்பிவிட்டு, வாப்பாவை ஒன்றாம் எண்ணுக்கு மாற்றும் கட்டளையைத் தட்டினான். மாற்றியதை எங்கே எழுதுவது என்ற இடத்தில் அதே ஃபைலின் பெயரைக் கொடுத்தான்.

அந்தக் கறுப்புத் திரைக்கு ஒரு குணம் உண்டு. எந்த ஃபைலில் எழுதச் சொல்கிறோமோ அதை முதலில் சுத்தமாகத் துடைத்துவிடும். அப்புறம்தான் படிக்கப் போகும். படிக்க வேண்டிய ஃபைலும் அதுவே என்றால், துடைத்த பலகையைப் படித்துவிட்டு, வேலை முடிந்தது என்று சாதுவாக நிற்கும். நின்றது.

தௌசீஃப் ஃபைலைத் திறந்தான். ஒன்றுமில்லை. ஜமாத் ஆபீஸ் பட்டியல் வாட்ஸப்பில் இருந்தது, ஆனால் அதில் சஹன் எண் கிடையாது. வாப்பா சொன்ன எண்களைத் திரும்பக் கேட்டால் வாப்பா அவனைக் கேட்பார். கல்யாணம் நாளைக்கு.

"இன்னா பண்ணப் போற?" என்றாள் ஜெனி. முதல் தடவையாக அவள் குரலில் இரக்கம் இருந்தது.

"அடிச்ச அட்டை கீதே. மத்தவங்க யாரோட உக்காந்தாலும் சாப்புடுவாங்க. ரெண்டு பேர் பிரச்சினைதான. பேனாவால திருத்திக்கறேன்."

அட்டைக்கட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். மேசைப்பக்கம் வந்த வாப்பா கட்டைப் புரட்டிப் பார்த்திருப்பார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது வாப்பா ரொம்ப சாந்தமாக இருந்தார். "என் அட்டைய நான் எடுத்துக்கினேன்டா, அப்பறம் கூட்டத்துல தேட முடியாது," என்று ஜிப்பா பையைத் தட்டிக் காட்டினார்.

நல்லதாயிற்று என்று தௌசீஃப் நினைத்தான். வாப்பா ஒன்பது என்றால் மாமாவை மட்டும் நகர்த்தினால் போதும். காலையில் மண்டபத்துக்குப் போகும் ஆட்டோவில் மாமாவின் அட்டையை எடுத்தான். ஒன்பதை அடித்து எழுதினால் அசிங்கம், மாமா கண்டுபிடித்துவிடுவார். அச்சு எழுத்தோடு எழுத்தாக, முன்னால் ஓர் ஒன்று போட்டான். பத்தொன்பது. மண்டபத்தின் கடைசி மூலை. தூணுக்கும் அந்தப் பக்கம்.

இஷ்ரத்திடமிருந்து செய்தி வந்திருந்தது. "மச்சான், அந்த விஷயம் ஓகேதானே?"

"நான் இருக்கும்போது உனக்கென்ன கவலை," என்று பதில் போட்டான். அவள் கும்பிடும் கை ஒன்றை அனுப்பினாள். அவன் அதை இதயமாகவே எடுத்துக்கொண்டான்.

நிக்காஹ் அருமையாக முடிந்தது. மாமா பட்டுச் சட்டையில் வந்து, உமைமாவுக்குச் சங்கிலி போட்டுவிட்டு, வாப்பா நின்ற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வாப்பாவும் முறைப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. வாசலில் அட்டை வாங்கியவர்கள், "என்னப்பா இது, ரேஷன் கடையா?" என்று முணுமுணுத்தாலும், கறி வாசனை வந்ததும் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

பத்தொன்பதாம் சஹனில் எபினேசர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். வாப்பா கடைக்கு அடுத்த கடை அவருடையது, படகு இன்ஜின் சாமான் விற்பவர். மாமா அட்டையைப் பார்த்துப் பார்த்து நடந்து வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார். தௌசீஃப் தூணுக்குப் பின்னாலிருந்து பெருமூச்சு விட்டான்.

அப்போது வாப்பா வந்தார். ஒன்பதாம் சஹனைத் தாண்டினார். தூணையும் தாண்டினார்.

"வாப்பா, எங்க போறீங்க? உங்களுக்கு ஒம்போதுதான?"

"சும்மா இருடா," என்று வாப்பா குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பேருக்கும் ஒம்போதுன்னு அடிச்சு வெச்சிருந்த. கல்யாண நேரத்துல உன்னத் திட்ட வேணாம்னு நானே என்னுதுல முன்னால ஒரு ஒண்ணு போட்டுக்கினேன்."

தௌசீஃப் அவர் கையைப் பிடிக்கப் போனான். வாப்பா அதற்குள் சஹனருகே போய்விட்டார். மாமாவைப் பார்த்தார். மாமா அவரைப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்கள். மண்டபம் முழுக்க அவர்களைப் பார்த்தது. பக்கத்து சஹனிலிருந்து ஜமாத் தலைவர் எழுந்தே விட்டார்.

"அல்லாவே சேத்து வெச்சிருக்கான் மதார். உக்காருங்க," என்று வாப்பாவின் தோளை அழுத்தினார். அந்தக் கைக்கு எதிராக எழுந்திருக்க ராயபுரத்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. வாப்பா உட்கார்ந்தார்.

"நாலு பேர் இல்லாம சஹன் வெக்க மாட்டோம்," என்றான் பரிமாறுகிறவன். நாலாவதாக தௌசீஃபைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு பயந்து அவ்வளவு நல்ல பிரியாணி தின்றதில்லை. இதோ மாமா எழுந்து போகப்போகிறார், இதோ இஷ்ரத் போய்விட்டாள் என்று ஒவ்வொரு கவளத்துக்கும் காத்திருந்தான். யாரும் எழுந்திருக்கவில்லை. வாப்பா பேசாமல் நல்லி எலும்பைத் தேடி எடுத்து மாமா பக்கம் தள்ளினார். மாமா கத்திரிக்காய்ப் பச்சடியை வாப்பாவுக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தினார். வாப்பாவுக்குக் கத்திரிக்காய் பட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். மூன்று வருஷம் பேசாவிட்டாலும் ரத்த பாசம் விட்டுப் போகுமா என்று தௌசீஃப் நெகிழ்ந்தான். மச்சானுக்கும் மச்சினனுக்கும் ரத்தம் ஒன்றில்லை என்பது அப்போது அவனுக்கு நினைவில்லை.

சேதி திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் பந்திக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? சோறு பாதிகூடத் தீரவில்லை, உம்மா திரையோரம் வந்து நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"தம்பி, மச்சானோட ஒரே சஹன்ல கை வெச்சுட்ட. இனி நமக்குள்ள ஒண்ணுமில்ல. ஜமாத் முன்னாடியே கேக்கறேன். இஷ்ரத்த என் தௌசீஃபுக்குக் குடுத்துடு."

மாமாவின் கை சோற்றிலேயே நின்றது. வாப்பாவுக்குப் புரையேறியது. எபினேசர் அவசரமாகத் தண்ணீர் தம்ளரை நீட்டினார்.

"லாத்தா, இது... சாப்புட்டு முடிச்சு..." என்று அக்காவைப் பார்த்து இழுத்தார் மாமா.

"என்ன யோசிக்கற? சண்டைதான் தீந்துடுச்சே. வேற இன்னா தடங்கல்?" என்றாள் உம்மா. அவள் குரலில் அழுகை போய், மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்த அதட்டல் வந்திருந்தது.

மாமா வாப்பாவைப் பார்த்தார். வாப்பா சோற்றைப் பார்த்தார்.

"உன் இஷ்டம் லாத்தா," என்றார் மாமா.

மண்டபம் மாஷா அல்லாஹ் என்றது. ஜமாத் தலைவர் தௌசீஃபைக் கட்டிப் பிடித்தார். அட்டை யோசனை யாருடையது என்று விசாரித்தார். கம்ப்யூட்டர் படித்த பிள்ளை, சமாதானம் பண்ணுவதற்கென்றே திட்டம் போட்டு ஒரே எண் கொடுத்திருக்கிறான் என்று மூக்குக்கண்ணாடிக் கடை காஜா மொய்தீன் எல்லோருக்கும் விளக்கினார். தௌசீஃப் மறுக்கவில்லை. தன் கட்டளைகளுக்குத் தன்னைவிடப் புத்தி அதிகம் என்றுகூட அவனுக்குத் தோன்றியது. அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததே இல்லை. ஜெனிக்கு உடனே போன் பண்ணிச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

கை கழுவும் இடத்தில் எபினேசர் பக்கத்தில் வந்து நின்றார். வெகுநேரம் சோப்புப் போட்டார். முகம் சரியில்லை.

"இன்னா அங்கிள், பிரியாணி நல்லா இல்லியா?"

"பிரியாணிக்கு இன்னா கொற. நீதான் நைனா இப்டி பேஜார் பண்ட்ட. மூணு வருசமா கட்டிக் காப்பாத்துன சண்ட. ஒரே பந்தில கெடுத்துட்ட."

"காப்பாத்துனதா? சண்டையவா?"

எபினேசர் சுற்றுமுற்றும் பார்த்தார். கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார்.

"டெய்லி சாயங்காலம் ரெண்டு பேரும் எங் கடை பின்னாலதான் டீ குடிச்சிகினு இருப்பாங்க. உங்கம்மாகிட்ட பொண்ணு குடுக்க முடியாதுன்னு சொல்ல உங்க மாமாவுக்கும் தில்லு இல்ல, உங்க வாப்பாவுக்கும் தில்லு இல்ல. சண்ட போட்டுக்கினா கேக்கவே வர மாட்டாங்கன்னு ரெண்டு பேருக்கும் ஐடியா குடுத்ததே இஷ்ரத்துதான்."